ஊருக்குச் சோறு போடும் கார் எது?

அமெரிக்காவில் எந்தக் கார் ஷோரூமுக்குள் போனாலும், புதுக் காரின் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். விலை, மைலேஜ் விவரங்களோடு அதில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. காரின் பாகங்களில் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து எத்தனை சதவீதம், வேறு எந்த நாடுகளின் பங்கு பெரிது, கடைசியாக எந்த ஊரில் பாகங்கள் பூட்டப்பட்டுக் கார் உருவானது, எஞ்சின் எந்த நாட்டுடையது, கியர்பாக்ஸ் எந்த நாட்டுடையது என்று ஐந்தாறு வரிகள். 1992-இல் வந்த சட்டப்படி, 1994 அக்டோபர் முதல் தயாரான கார்களில் இது கட்டாயம். கட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கும்: காரைப் பூட்டும் செலவும் விநியோகச் செலவும் இந்தச் சதவீதத்தில் சேராது.

அந்தக் கடைசிக் குறிப்பைப் படிப்பவர்கள் குறைவு. நம் நாட்டுத் தொழிலாளி பிழைக்கட்டும் என்ற எண்ணத்தோடு ஒருவர் அந்தக் கட்டத்தைத் தேடிப் படிக்கிறார். அவர் மனத்தில் இருப்பது ஆலையில் நின்று காரைப் பூட்டுகிற மனிதர். அந்த மனிதரின் கூலி அந்தச் சதவீதத்தில் இல்லவே இல்லை.

'உள்நாட்டுக் கார் வாங்கு' என்ற வாசகத்தைச் சுற்றி அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக நடந்துவரும் விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வாங்குகிறவர் கொடுக்கும் பணம் தொழிலாளியைச் சேருகிறதா? அவர் வாழும் ஊரைச் சேருகிறதா? பள்ளிக்கூட அணியின் சட்டை முதல் அருங்காட்சியகம் வரை ஊர்ப் பொதுக் காரியங்களைக் கார்ப் பணம் தாங்கிய காலம் உண்டு. அந்தத் தாங்கல் எதைப் பொறுத்து நின்றது, எதனால் விழுந்தது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

ஃபிளிண்ட் கற்றுத் தந்த பாடம்

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில்தான் 1908-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்தது. அதே ஊரில் 1936 டிசம்பர் 30 அன்று தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். இயந்திரங்களை நிறுத்திவிட்டு, வெளியே வர மறுத்தார்கள். 44 நாள் நடந்த அந்தப் போராட்டம் 1937 பிப்ரவரி 11 அன்று முடிந்தபோது, உலகின் மிகப் பெரிய கார் நிறுவனம் யு.ஏ.டபிள்யூ. என்ற வாகனத் தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக்கொண்டிருந்தது.

அந்த வெற்றி பழுத்தது 1950-இல். சங்கத் தலைவர் வால்டர் ராய்தர் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸுடன் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு 'டெட்ராய்ட் உடன்படிக்கை' என்றே பெயர் வந்தது. விலைவாசிக்கேற்ற சம்பள உயர்வு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அதில் இடம்பெற்றன. கல்லூரி வாசலை மிதிக்காத ஒருவர் சொந்த வீடு கட்டிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் வாழ்க்கை அந்த ஒப்பந்தத்தின் மேல்தான் நின்றது.

1979-இல் சங்கத்தில் ஏறத்தாழ 15 லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் மட்டும் அமெரிக்காவில் 6 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தது. அன்றைய கணக்கு எளிது. ஷெவர்லே வாங்கினால் ஃபிளிண்டில் அடுப்பெரியும். பெயர்ப்பலகை, ஆலை, சங்கக் கூலி, ஊர் நான்கும் ஒரே கயிற்றில் கட்டுண்டிருந்தன. 'உள்நாட்டுக் கார் வாங்கு' என்ற வாசகத்துக்கு உயிர் கொடுத்தது அந்தக் கயிறுதான்.

கோபம் திசை மாறியபோது

1973, 1979 ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடிகள் அந்தக் கயிற்றை ஆட்டிவிட்டன. பெட்ரோல் விலை ஏறியதும் சின்ன ஜப்பானியக் கார்களை மக்கள் நாடினார்கள். அமெரிக்கக் கார் நிறுவனங்களின் தாயகமான டெட்ராய்ட்டின் பெரிய கார்கள் தேங்கின. ஆலைகளில் ஷிப்டுகள் குறைந்தன, ஆயிரக்கணக்கில் லே-ஆஃப் வந்தது. சங்க அலுவலக வாசல்களில் வெளிநாட்டுக் கார்களை நிறுத்தக் கூடாது என்று பலகைகள் முளைத்தன. சம்மட்டியால் ஜப்பானியக் கார்களை உடைத்துக் காட்டும் நிகழ்ச்சிகளும் நடந்தன.

1982 ஜூன் மாதம், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞரை இருவர் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். ஒருவர் கார் ஆலையின் மேற்பார்வையாளர், மற்றவர் வேலை இழந்த கார்த் தொழிலாளி. எங்களுக்கு வேலை போனது உங்களால்தான் என்ற ஏச்சு அதற்கு முன் எழுந்ததாகச் சாட்சி சொன்னார்கள். வின்சென்ட் சின் ஜப்பானியர் அல்ல, சீன வம்சாவளி அமெரிக்கர். சில நாட்களில் அவருக்குத் திருமணம் நடக்க இருந்தது. ஜூன் 23 அன்று இறந்துபோனார். கொன்றவர்களுக்குக் கிடைத்தது மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும்.

ஹைலண்ட் பார்க் வேறொரு காரணத்துக்காகவும் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். ஹென்றி ஃபோர்டின் ஓடும் உற்பத்தி வரிசை 1913-இல் தொடங்கியதும், நாளுக்கு 5 டாலர் கூலி 1914-இல் அறிவிக்கப்பட்டதும் அங்கேதான். கூலிக்குப் பேர்போன அந்த மண்ணில், கூலி போன கோபத்தில் ஓர் அப்பாவியின் உயிர் போனது. நாட்டுப் பொருள் வாங்குங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. அந்தப் பேச்சு ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து அந்நியன் என்று விரல் நீட்டத் தொடங்கும் கணத்தில் அது தொழிலாளியின் பேச்சாக இருப்பதை விட்டுவிடுகிறது. இந்த விவாதத்தில் கலந்துகொள்ளும் எவரும் முதலில் வின்சென்ட் சின்னை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் ஓரிடம், ஆலை வேறிடம்

1981-இல் அமெரிக்க அரசின் அழுத்தத்தால் ஜப்பான், ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டது. இதனால் கார் விலை ஏறியது, அந்தச் சுமை வாங்குகிறவர் தலையில் விழுந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஜப்பானிய நிறுவனங்கள் அமெரிக்க மண்ணிலேயே ஆலை கட்டுவது வேகம் பிடித்தது. 1982-இல் ஒஹையோவின் மேரிஸ்வில்லில் ஹோண்டா அக்கார்டு உருவானது. 1983-இல் டென்னசியின் ஸ்மர்னாவில் நிசான் வந்தது. 1988-இல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் டொயோட்டா கேம்ரி வந்தது. இன்று ஜார்ஜ்டவுன் ஆலையில் 9,000-க்கு மேற்பட்டவர்கள் வேலை பார்க்கிறார்கள். பி.எம்.டபிள்யூ. 1994 முதல் தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் கார் செய்கிறது.

அதே காலத்தில் டெட்ராய்ட் நிறுவனங்கள் எல்லை தாண்டின. ஃபோர்டின் மேவரிக் பிக்கப் மெக்சிகோவின் எர்மோசியோவில் பூட்டப்படுகிறது. ஷெவர்லே ட்ராக்ஸ் தென்கொரியாவிலிருந்து வருகிறது. பியூக் என்விஷன் சீனாவிலிருந்து வந்தது.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் யாரும் வேண்டாம். ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியின் கீழ் மூலையில் குனிந்து பார்த்தால், 17 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு தகடு தெரியும். முதல் எழுத்து 1, 4, 5 ஆக இருந்தால் அந்தக் கார் அமெரிக்காவில் செய்தது. 2 என்றால் கனடா, 3 என்றால் மெக்சிகோ, ஜே என்றால் ஜப்பான், கே என்றால் கொரியா. டெட்ராய்ட் பெயர்ப்பலகை தாங்கிய ஒரு கார் 3-இல் தொடங்கலாம், பக்கத்தில் நிற்கும் டொயோட்டா 4-இல் தொடங்கலாம்.

கார்ஸ் டாட் காம் தளம் 2006 முதல் வெளியிடும் 'அமெரிக்கத் தயாரிப்பு' பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடம் பிடித்தது டொயோட்டா கேம்ரி. 2022 முதல் 2024 வரை மூன்று ஆண்டும் முதலிடம் டெஸ்லா மாடல் ஒய்க்கு. வாஷிங்டனின் அமெரிக்கன் பல்கலைக்கழகம் 2013 முதல் தயாரிக்கும் குறியீடு, லாபம் எந்த நாட்டுக்குப் போகிறது, ஆராய்ச்சி எங்கே நடக்கிறது, பூட்டும் வேலை எங்கே என்பதையும் சேர்த்து எண்ணுகிறது. இதில் டெட்ராய்ட் நிறுவனங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும். ஆராய்ச்சியும் வடிவமைப்பும் மிச்சிகனில் நடப்பது உண்மை. அங்கே கார் நிறுவனங்களில் பொறியாளர்களாக இருக்கும் தமிழர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எதை எண்ணுகிறோமோ அதற்கேற்பப் பட்டியல் மாறுகிறது. உள்நாட்டுக் கார் எது என்று கேட்டால், யாருக்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது?

ஆலை உள்நாட்டில் இருந்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு டெட்ராய்ட் நிறுவனங்களே சாட்சி. 2007 ஒப்பந்தத்தில் இரண்டடுக்குக் கூலி வந்தது. பழைய தொழிலாளிக்கு மணிக்கு 28 டாலர் என்றால், புதிதாகச் சேர்ந்தவருக்குச் சுமார் 14. ஒரே வரிசை, ஒரே ஸ்பேனர், ஒரே வியர்வை, பாதிக் கூலி. 2009-இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவாலாகி அரசுப் பணத்தில் மீண்டபோது தொழிலாளர்கள் மேலும் விட்டுக்கொடுத்தார்கள். நிறுவனங்கள் லாபத்துக்குத் திரும்பிய பிறகும் அந்த விட்டுக்கொடுப்பு நெடுங்காலம் திரும்பி வரவில்லை.

2023 செப்டம்பர் 15 அன்று ஷான் ஃபெயின் தலைமையில் சங்கம் டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆறு வாரத்தில் ஒவ்வொன்றாக உடன்பாடு வந்தது. அடிப்படைக் கூலியில் நாலரை ஆண்டில் 25 சதவீத உயர்வு கிடைத்தது. அடுத்த சில வாரங்களில், சங்கமே இல்லாத டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் ஆலைகளிலும் கூலி உயர்வு அறிவிக்கப்பட்டது. சங்கம் வைத்த அளவுகோல் சங்கம் இல்லாத ஆலைக்குள்ளும் நுழைந்தது. 2024 ஏப்ரலில் டென்னசியின் சட்டனூகா ஃபோக்ஸ்வாகன் தொழிலாளர்கள் வாக்களித்துச் சங்கத்தில் சேர்ந்தார்கள். அடுத்த மாதம் அலபாமா மெர்சிடிஸ் தொழிலாளர்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. வாங்குகிறவரின் தேர்வு ஆலையின் கதவைத் திறந்து வைக்கலாம். கதவுக்குள் என்ன கூலி என்பதை அந்தத் தேர்வு தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்தின் பின்னால் நிற்பது தொழிலாளர்களின் ஒற்றுமை.

ஊருக்கு என்ன கிடைக்கிறது?

கார்ப் பணம் ஊரைச் சேருவதற்கு மூன்று வழிகள் உண்டு: தொழிலாளியின் கூலி, டீலரின் கடை, நிறுவனமும் அதன் முதலாளிகளும் தரும் நன்கொடை.

முதல் வழி கண்ணுக்குத் தெரியாதது, அதனால்தான் பெரிது. விஸ்கான்சினின் ஜேன்ஸ்வில்லில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2008 டிசம்பர் 23 அன்று கடைசிக் காரைப் பூட்டியது. பத்திரிகையாளர் ஏமி கோல்ட்ஸ்டீன் அந்த ஊரோடு பல ஆண்டுகள் இருந்து 2017-இல் ஒரு நூல் எழுதினார். கிறிஸ்துமஸ்தோறும் ஆலைத் தொழிலாளர்கள் கூடி, வசதியற்ற குடும்பங்களுக்கு உணவுப் பைகள் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த வழக்கத்தை அதில் பதிவு செய்திருக்கிறார். ஆலை மூடிய பின், கொடுத்த கைகளில் பல உதவி தேடும் கைகளாயின. ஓர் ஊரின் தர்மம் அந்த ஊரின் சம்பளத்திலிருந்து வருகிறது. சம்பளம் நின்றால் தேவை கூடும், கொடுப்பது குறையும். இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

இழப்பு உயிரையும் தொடுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அதீந்தர் வெங்கடரமணியும் சக ஆய்வாளர்களும், கார் உற்பத்தி சார்ந்த 112 மாவட்டங்களை 1999 முதல் 2016 வரை ஆராய்ந்தார்கள். ஆலை மூடி ஐந்தாண்டுக்குப் பின், அபின் வகை மருந்தை அளவுக்கு மீறி எடுத்துச் சாகிறவர்களின் விகிதம் எதிர்பார்த்ததைவிட 85 சதவீதம் அதிகமாக இருந்தது.

இரண்டாவது வழி டீலர். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலச் சட்டங்களின்படி கார் நிறுவனம் பொதுவாக நேரடியாக விற்க முடியாது. உள்ளூர் வியாபாரி வழியாகத்தான் விற்க வேண்டும். சிறுவர் பேஸ்பால் அணியின் சட்டை முதுகிலும், பள்ளி மைதான வேலியிலும், திருவிழா மேடையிலும் காணும் டீலர்களின் பெயர் அந்த ஏற்பாட்டின் விளைவு. 2009-இல் கிரைஸ்லர் 789 டீலர்களைக் கைவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 1,100 பேருக்கு ஓலை அனுப்பியது. சின்ன ஊர்களில் அது ஒரு கடை மூடுவதோடு நிற்கவில்லை. யாரிடம் போய் அணிக்குச் சட்டை கேட்பது என்ற கேள்வியும் எழுந்தது. இங்கேயும் பெயர்ப்பலகை குறுக்கே வருவதில்லை. டொயோட்டா விற்கும் உள்ளூர்க்காரரும் அதே பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்தான், அவரும் கொடுக்கிறார்.

மூன்றாவது வழி நிறுவனத்தின் நன்கொடையும் விளம்பர உதவியும். ஃபிளிண்டை ஒட்டிய கிராண்ட் பிளாங்கில் பியூக் ஓப்பன் என்ற கோல்ஃப் போட்டி 1958-இல் தொடங்கியது. கோடை வந்தால் அந்த வட்டாரத்துக்கே அது திருவிழா. தொண்டர்கள் திரள்வார்கள், விடுதிகள் நிரம்பும், உள்ளூர் அறப்பணிகளுக்குப் பணம் வரும். 2009-இல் பியூக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானதும் அந்த ஆண்டுப் போட்டியே கடைசியானது. பின்னர் 2018-இல் அதே மைதானத்தில் மூத்த வீரர்களுக்கான போட்டி ஒன்று வந்தது. அதை நடத்தப் பணம் கொடுத்த ஆலி, முன்பு ஜெனரல் மோட்டார்ஸின் கடன் நிறுவனமாக இருந்தது.

ஆண்டுதோறும் கொடுக்கும் பணம் லாபத்தோடு வரும், லாபத்தோடு போகும். அறக்கட்டளையாக வேர் விட்ட பணம் வேறு மாதிரி. ஜெனரல் மோட்டார்ஸின் பெரும் பங்குதாரர் சார்லஸ் ஸ்டூவர்ட் மாட் 1926-இல் தொடங்கிய அறக்கட்டளை, 1930-களின் நடுவில் ஃபிளிண்ட் பள்ளிகளை மாலையிலும் ஊர் மக்களுக்குத் திறந்துவிட உதவியது. எட்செல் ஃபோர்டின் பணத்தில் 1932-33-இல் தியேகோ ரிவேரா டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்தின் சுவர்களில் கார்த் தொழிலாளர்களை வரைந்தார். 2013-இல் டெட்ராய்ட் நகராட்சி திவாலானபோது, அந்த அருங்காட்சியகத்தின் ஓவியங்களை விற்றுக் கடன் அடைக்கும் பேச்சு எழுந்தது. நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதியமும் ஆபத்தில் இருந்தது. அப்போது ஃபோர்டு அறக்கட்டளை, மாட் அறக்கட்டளை போன்றவையும் மாநில அரசும் அருங்காட்சியகமும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் திரட்டின. ஓவியங்கள் தப்பின, ஓய்வூதிய வெட்டும் குறைந்தது. ஒரு காலத்தில் கார் விற்றுச் சேர்ந்த செல்வம், இரண்டு தலைமுறை கழித்து ஊருக்குத் திரும்பியது.

ஆனால் நன்கொடை வரிக்கு ஈடாகாது. ஃபிளிண்டில் ஒரு காலத்தில் 80,000 பேர் வரை ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்தார்கள். 1960-இல் 2 லட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை 2020-இல் 81,000 ஆனது. வரி வருமானம் வற்றியது. மாநில அரசு நியமித்த அதிகாரியின் கீழ், செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் குடிநீர் ஃபிளிண்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. அந்தத் தண்ணீர் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின் ஆலை வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. மக்கள் மேலும் ஓராண்டு அதையே குடித்தார்கள், ஈயம் கலந்த நீரைக் குழந்தைகளும் குடித்தார்கள். மாட் அறக்கட்டளை 2016-இல் 10 கோடி டாலர் வரை தருவதாக முன்வந்தது. பெரிய மனது. ஆனாலும் குழந்தையின் ரத்தத்தில் ஏறிய ஈயத்தை எந்த நன்கொடையும் இறக்கிவிடாது.

மூன்று கேள்வி, ஒரு கார்

இதுவரை பார்த்ததை ஒரே காரில் வைத்துப் பார்க்கலாம். டெஸ்லா மாடல் ஒய் அமெரிக்கத் தயாரிப்புப் பட்டியலில் முதலிடம் பிடித்த கார். அமெரிக்க நிறுவனம், அமெரிக்க ஆலை. ஆனால் அந்த ஆலைகளில் சங்கம் இல்லை. நிறுவனம் விதிவிலக்காகப் பல மாநிலங்களில் நேரடியாக விற்பதால், ஊரில் அதன் பெயரில் கடை போட்ட உள்ளூர் வியாபாரியும் இல்லை. மெக்சிகோவில் பூட்டிய ஃபோர்டு மேவரிக்கை எடுத்துக்கொண்டால், அதை விற்பவர் மூன்று தலைமுறையாக அதே தெருவில் இருப்பவராகவும் ஊர் அணிக்குச் சட்டை வாங்கித் தருபவராகவும் இருக்கலாம். எங்கே செய்தது, என்ன ஒப்பந்தத்தில் செய்தது, யார் விற்றது என்ற மூன்று கேள்விக்கும் ஒரே கார் மூன்று விதமாகப் பதில் சொல்கிறது. 1979-இல் இவற்றை ஒன்றாகக் கட்டியிருந்த கயிறு இன்று இல்லை.

பொருளாதார அறிஞர்கள் பலர் வேறொரு கேள்வி எழுப்புகிறார்கள். நல்ல கார் குறைந்த விலையில் கிடைத்தால் மிச்சப் பணம் உள்ளூரிலேயே வேறு எதற்காவது செலவாகுமே, அதுவும் வேலை தருமே என்கிறார்கள். நியாயமான வாதம். ஆனால் அது நாட்டு முழுமைக்குமான கணக்கு. லாபம் கோடிப் பேருக்குச் சில டாலராகப் பிரிந்து போகும். நஷ்டம் ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில் வந்து இறங்கும். 52 வயதில் ஆலை மூடினால், வேறு மாநிலத்தில் உருவான புது வேலை அவருக்கு எட்டுவதில்லை. கூட்டிக் கழித்த கணக்கில் அவர் தெரிவதே இல்லை.

மறைமலை நகர்

இந்தக் கதையின் ஒரு கிளை தமிழ்நாட்டிலும் ஓடுகிறது. டெட்ராய்ட்டின் ஃபோர்டு 1990-களில் மறைமலை நகருக்கு வந்தது. தென்கொரியாவின் ஹூண்டாய் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ செய்யத் தொடங்கியது. அங்கே செய்த காரின் தகடும் இந்தியாவின் எழுத்துகளில்தான் தொடங்குகிறது. அது உள்நாட்டுக் காரா, வெளிநாட்டுக் காரா என்று வாங்கியவர்கள் யோசிக்கவில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்ட கார். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இல் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். லாபக் கணக்கு போட்டவர்கள் மிச்சிகனில் இருந்தார்கள், வேலை இழந்தவர்கள் மறைமலை நகரில் இருந்தார்கள்.

நம் நாட்டில் ஒரு வித்தியாசம் உண்டு. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. முதலாளியின் மனதை நம்பியிருந்ததைச் சட்டம் ஓரளவு கடமையாக்கியது. ஆனாலும் அது லாபத்தின் பங்கு. ஒப்பந்தத் தொழிலாளி நிரந்தரமாகும் வழியை அது திறந்துவிடுவதில்லை.

வாங்குகிறவர் கையில் இருப்பது

இத்தனையும் பார்த்த பிறகு என் முடிவு இது. காரின் பெயரைப் பார்த்து வாங்குவது தொழிலாளிக்கு உதவாது. ஆலை இருக்கும் ஊரைப் பார்த்து வாங்குவது ஓரளவு உதவும். அந்த ஆலையில் மதிப்பான கூலியும் பேச உரிமையுள்ள சங்கமும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவதுதான் முழுதாக உதவும். எந்த வாகனங்கள் தங்கள் உறுப்பினர்கள் கையால் உருவாகின்றன என்ற பட்டியலை யு.ஏ.டபிள்யூ. வெளியிடுகிறது. அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் ஓர் ஊரைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதையும் வாங்குகிறவர் தோளில் ஏற்றுவது நியாயமல்ல. சம்பளம் தேங்கிய குடும்பம் மலிவான காரைத்தான் தேடும். அந்தக் குடும்பத்தைக் குற்றம் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. செய்ய வேண்டிய முதல் வேலை அரசுகளுடையது. பூட்டும் தொழிலாளியின் கூலியையும் அந்தக் காகிதத்தின் சதவீதத்தில் சேர்க்கச் சட்டம் திருத்தலாம். ஆலைக்கு நிலமும் வரிச் சலுகையும் கொடுக்கும்போது, கூலியையும், மூடினால் ஊருக்குத் தர வேண்டிய ஈட்டையும் எழுதி வாங்கலாம்.

பேஸ்பால் சட்டையில் அச்சடித்த டீலர் பெயர் அழகுதான். அந்தச் சட்டை போட்ட பிள்ளை ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறது. அங்கே அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நாளைக் காலை ஷிப்ட் இருக்கிறதா என்பதுதான் அந்த ஊர் நிற்குமா விழுமா என்பதைச் சொல்லும். கார் வாங்கப் போகிறவர்கள் முன்கண்ணாடியின் மூலையில் ஒரு முறை குனிந்து பாருங்கள். முதல் எழுத்து நாட்டைச் சொல்லும். அங்கே என்ன கூலி என்று அடுத்த கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.